இடுக்குப் பாதையில் ஒரு மறியல்

கோடை முற்றிய ஒரு காட்டில் யானைகளுக்கும் முயல்களுக்கும் வழித் தகராறு.

காட்டிலிருந்த குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. ஆலடி மடுவில் மட்டும்தான் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். அந்த மடுவுக்குப் போக ஒரே வழிதான். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும் இடுக்குப் பாதை அது. ஒரு யானை தாராளமாகப் போகலாம். இரண்டு யானைகள் சேர்ந்து போனால் விலா உரசும். முன்னால் போகும் யானை நின்றுவிட்டால், பின்னால் வரும் முயல் அதன் வாலைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான்.

வழி யாருடையது என்று கேட்டால் இரண்டு பக்கமும் பதில் தயாராக இருக்கும்.

"எங்க காலடி பட்டுத்தானே இது பாதையாச்சு! நாங்க நடக்கலேன்னா இங்கே வெறும் முள்ளுதான் இருக்கும்!" என்று யானைகள் சொல்லும்.

"நடந்துட்டா பட்டா எழுதிக் குடுத்துடுவாங்களா?" என்று முயல்கள் கேட்கும்.

"கால் நடுவுல புகுந்து புகுந்து ஓடுறீங்களே! மிதிபட்டுச் செத்தா பழி எங்க தலையிலதானே விழும்!"

"நீங்க மட்டும்? நடுவழியில நின்னு காது சொறியுறீங்களே! பின்னால ஒருத்தன் வர்றான்னு நினைப்பு உண்டா?"

இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. யானைகள் முதலில் மடுவில் இறங்கினால் தண்ணீர் கலங்கிவிடும், முயல்களுக்குச் சேறுதான் மிஞ்சும். அதனால் முயல்களுக்கு முந்தியாக வேண்டும். யானைக்கோ தன் வயிற்றுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று தெரியாது. தெரியாது என்பது முயலுக்குத் தெரியாது.

இத்தனை சண்டையிலும் யாரும் சாகாமல் இருந்ததற்கு இரண்டு வழக்கங்கள் காரணம். யானை ஓடப் போகிறது என்றால் முதலில் ஒரு தடவை பிளிறும். உடனே முயல்கள் பக்கத்துப் பாறைத் திட்டில் தாவி ஏறிக்கொள்ளும். முயலுக்கு உயிர் போகிற அவசரம் என்றால் பின்னங்காலால் தரையை மூன்று தட்டுத் தட்டும். அந்த அதிர்வு யானையின் உள்ளங்காலுக்கு எட்டும். உடனே யானைகள் பாறையோடு ஒட்டி நின்று வழி விடும். யார் எப்போது ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. எல்லாரும் மதித்தார்கள்.

சடையன் என்ற முயல்தான் அதைக் கெடுத்தான். கெட்டவன் அல்ல, பாவம். அவன் மனைவி வேகவதி நாலு குட்டி ஈன்று பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டுமே என்று அவனுக்குக் கவலை. ஒரு நாள் யானைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது, பொறுமை இழந்து மூன்று தட்டுத் தட்டிவிட்டான். யானைகள் எல்லாம் பதறிப் பாறையோடு ஒட்டின. சடையன் மனைவியைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போல நடுவே போனான்.

"ஏங்க, அது உயிர் போற நேரத்துக்கு வெச்ச தட்டு. தாகத்துக்குத் தட்டலாமா?" என்றாள் வேகவதி.

"தாகம் எடுத்தா உயிர் போகாதா?" என்றான் சடையன்.

பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. 

மறுநாள் அவன் கூட்டாளிகள் தட்டினார்கள். அதற்கு மறுநாள் கூட்டாளிகளின் கூட்டாளிகள். பத்தே நாளில் அந்தக் காட்டில் அவசரம் இல்லாத முயலே இல்லை என்று ஆகிவிட்டது!

ஒரு காலையில் அப்படிப் பதறி ஒதுங்கும்போது மொட்டு என்ற யானைக்குட்டி பாறையில் நசுங்கித் தோள் சிராய்த்துக்கொண்டது. மொட்டுவின் தாய் பெரியநாயகி. அவள்தான் கூட்டத்துக்கும் தலைவி. என்ன ஆபத்தோ என்று மடுவுக்கு ஓடிப் பார்த்தாள். அங்கே சடையன் உட்கார்ந்து மீசை கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னடா அவசரம்?"

"வெயில் ஏறுதே அக்கா!"

பெரியநாயகிக்குக் கண் சிவந்துவிட்டது. அன்றைக்கே கூட்டத்தைக் கூட்டினாள்.

"இனிமே எத்தனை தட்டு தட்டினாலும் ஒருத்தரும் ஒதுங்கக் கூடாது! ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து நடங்க. அப்புறம் இந்தப் பயல்களுக்காகப் பிளிறவும் வேண்டாம். காது நீளமாத்தானே இருக்கு, காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கட்டும்!"

அதிலிருந்து யானைகள் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தன. பிளிறாமலே ஓடின. ஒரு முயலுக்குக் கால் விரல் போயிற்று. இன்னொன்றுக்குக் காது நுனி நசுங்கியது. முயல்கள் கொதித்துப் போயின.

"இப்படியே விட்டா நாளைக்குத் தலை போகும். மறியல்தான்!" என்றான் சடையன்.

மறுநாள் விடிந்ததும் நாற்பது முயல்கள் இடுக்குப் பாதையின் குறுக்கே வரிசையாக உட்கார்ந்துவிட்டன. வேகவதியும் உட்காரத்தான் வந்தாள். சடையன் விடவில்லை.

"பால் குடுக்கறவ உனக்கு எதுக்கு இந்த வம்பு? யானைங்க இங்கேயே நிக்கட்டும். நீ போய் ஆற அமரத் தெளிஞ்ச தண்ணியாக் குடிச்சிட்டு வா."

அவள் போனாள்.

யானைகள் வந்து நின்றன.

"எழுந்திருங்கடா!" என்றாள் பெரியநாயகி.

"ஒரு ஓரத்தை எங்களுக்கு விடறதாச் சொல்லுங்க, எழுந்திருக்கறோம்."

"முடியாது!"

"எங்களாலயும் முடியாது!"

யானைகள் மிதித்துப் போயிருக்கலாம். ஆனால் போகவில்லை. அவை கோபக்கார மிருகங்கள், கொலைகார மிருகங்கள் அல்ல. வெயில் ஏறியது. பாறை கொதித்தது. மொட்டு தாயின் கால்களுக்கு நடுவே நின்று, "தண்ணி வேணும்மா" என்று சிணுங்க ஆரம்பித்தது.

அதைப் பார்த்ததும் சடையனுக்கு மனசு கேட்கவில்லை.

"குழந்தை மேல எங்களுக்கென்ன கோபம்? நீ போடா தங்கம், போய்க் குடி!" என்று தானே ஒதுங்கி வழி விட்டான். மொட்டு துள்ளிக்கொண்டு போனது. பெரியநாயகிக்கும் கொஞ்சம் நெகிழ்ந்தது. அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் மறியல் அங்கேயே முடிந்திருக்கும். தலைவி ஆயிற்றே, எப்படிச் சொல்லுவாள்?

மடுவில் தண்ணீர் நடுவுக்குப் போய்விட்டது. சுற்றிலும் வழுவழுவென்று சேறு. பெரிய யானைகள் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று அறியும். மொட்டுவுக்கு என்ன தெரியும்? நேராக ஓடி இறங்கியது. நாலு கால்களும் புதைந்தன.

கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வேகவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை! கால் வரமாட்டேங்குது!"

"அசையாதே கண்ணு! அசைஞ்சா இன்னும் உள்ளே போகும். நான் ஓடிப் போய் உங்கம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்."

"சீக்கிரம் வருவியா?"

"இதோ வந்துட்டேன்னு வெச்சுக்கோ!"

சொல்லிவிட்டு வேகவதி ஓடினாள். அவளைப் போல ஓட அந்தக் காட்டில் ஆள் கிடையாது. ஆனால் மொட்டு குழந்தை அல்லவா? சேறு வயிற்றைத் தொட்டதும் பயந்து வீறிட்டது.

இடுக்குப் பாதையில் பெரியநாயகி காதை விரித்தாள்.

"ஐயோ, என் புள்ளை கத்துறான்! வழி விடுங்கடா!"

முயல்கள் சிரித்தன.

"அட, அட! அவசரமா?" என்றான் சடையன். "அவசரம்னு சொல்லி வழி வாங்கறது எங்க வித்தை அக்கா! எங்ககிட்டயே காட்டுறீங்களா?"

"டேய் சடையா! சத்தியமாச் சொல்றேண்டா! அது பயந்து கத்துற குரல்!"

"குட்டி தண்ணி வேணும்னு சிணுங்கினதே இதுக்குத்தானா? நல்லாத்தான் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கீங்க!"

"உன் காலைப் பிடிக்கறேன், எழுந்திருடா!"

அத்தனை பெரிய மிருகம் கெஞ்சியது. பொய் சொல்லிப் பழகினவனுக்கு அடுத்தவர் கண்ணீரும் பொய்யாகத்தான் தெரிகிறது. சடையன் நகரவில்லை.

மறுபடி ஒரு வீறல் கேட்டது. இந்த முறை அது பாதியில் அடங்கியது.

பெரியநாயகி பாய்ந்தாள். கூட்டமும் பின்னால் பாய்ந்தது. சடையனும் மற்ற முயல்களும் கடைசி நொடியில் திட்டில் தாவிக்கொண்டார்கள். எதிரே நின்று பார்த்ததால் தப்பினார்கள்.

பாதை வளையும் இடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேகவதி வந்துகொண்டிருந்தாள். யானைகள் ஓடிவருவது அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு பிளிறல் கேட்டிருந்தால் ஓரம் ஏறியிருப்பாள். பிளிறும் வழக்கம்தான் நின்றுவிட்டதே! மறியலில் நிற்கும் யானைகளுக்கு எட்டட்டும் என்று அவள் வளைவில் ஒரு நொடி நின்று மூன்று தட்டுத் தட்டினாள். அவள் வாழ்க்கையில் தட்டிய முதல் தட்டு அது. பெரியநாயகியின் உள்ளங்காலில் அது பட்டது. "இவங்களுக்கு இதே பிழைப்பு!" என்று நினைத்துக்கொண்டே அவள் வளைவில் திரும்பினாள்.

காலடியில் என்ன பட்டது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. அவள் நிற்காமல் ஓடினாள்.

மடுவில் மொட்டுவின் தலையும் தும்பிக்கையும்தான் வெளியே தெரிந்தன. யானைகள் கிளைகளை ஒடித்துச் சேற்றில் போட்டு, தும்பிக்கையால் வளைத்து, இழுத்தன. ரொம்ப நேரம் இழுத்தன. கடைசியில் மொட்டு கரைக்கு வந்தது. பெரியநாயகி அதை முகர்ந்து முகர்ந்து அழுதாள்.

மூச்சு வந்ததும் மொட்டு சுற்றுமுற்றும் பார்த்தது.

"அம்மா, முயல் அத்தை எங்கே?"

"எந்த அத்தை?"

"அவங்கதானே உன்னைக் கூப்பிட ஓடி வந்தாங்க! நீ வர்ற வழியில பார்க்கலையா?"

 பெரியநாயகி தன் முன்னங்காலை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். சேறு அப்பியிருந்தது. அதில் கொஞ்சம் வெள்ளை ரோமமும் ஒட்டியிருந்தது.

அவள் தனியாகத் திரும்பி நடந்தாள். பாதை வளைவில் சடையன் உட்கார்ந்திருந்தான். மற்ற முயல்கள் தள்ளி நின்றன. அவன் முன்னால் கிடந்த வேகவதியின் மீசையில் மடுத் தண்ணீர் காய்ந்துவிட்டிருந்தது.

"உங்களுக்கு அந்தத் தட்டு கேக்கலையா அக்கா?" என்று கேட்டான் சடையன். 

"கேட்டுச்சு."

"ஏன் நிக்கல?"

"பொய்னு நெனச்சேண்டா."

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் அப்படித்தான் நெனச்சேன், உங்க புள்ளை கத்தினப்போ" என்றான்.

"அவளுக்காக ஒரு தரம் பிளிறியிருக்கலாம்" என்றாள் பெரியநாயகி. "பிளிறாதேன்னு சொன்னதே நான்தான்."

 பெரியநாயகி தும்பிக்கையால் குழி தோண்டினாள். முயல்கள் மண் தள்ளின. அன்று யாரும் மடுவுக்குப் போகவில்லை.

வேகவதியின் நாலு குட்டிகளுக்கும் கண் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வேறு முயல்கள் பால் கொடுத்துப் பார்த்தன. பெரியநாயகி தினமும் பிஞ்சுப் புல்லாகப் பறித்து வளை வாசலில் வைத்தாள். நாலில் ஒன்றுதான் பிழைத்தது.

இப்போது இடுக்குப் பாதையில் யானைகள் ஒற்றை வரிசையில் ஓரமாக நடக்கின்றன. ஓடும்முன் பிளிறுகின்றன. முயல்களும் வீணாகத் தட்டுவதில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அந்த வளைவு வரும்போது மட்டும் சடையன் எத்தனை தாகமாக இருந்தாலும் நின்றுவிடுவான், பின்னால் வருகிறவர்கள் அவனை அவசரப்படுத்துவதில்லை.

பொது வழியில் விட்டுக்கொடுப்பது தோல்வி ஆகாது. விட்டுக்கொடுக்காதவர்களின் வீம்புக்கு உயிரைக் கொடுப்பது, பெரும்பாலும் அந்தச் சண்டையிலேயே இல்லாத ஒருவர்தான்.