பேச்சியம்மாளின் கைராசி

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதற்குத் தலைவி பூரணத்தம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் ஆவுடைநாயகமோ அறுபதைத் தாண்டியவர். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து, ஓய்வு பெற்ற மறு மாதமே ஞானம் தேடி வந்து சேர்ந்தவர். மில்லை விட்டு வந்தாரே தவிர மேஸ்திரித்தனத்தை விட்டு வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் மடத்து நாற்றங்காலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அந்த மடத்தில் திருநீறோடு ஒரு புங்கங்கன்றும் கொடுப்பது வழக்கம். ஆடி மாதம் கும்பிட வருகிறவர்கள் வீட்டுக்கு ஒன்றாக வாங்கிப் போவார்கள். மண் நிரப்பிய பைகளில் விதை ஊன்றுவதற்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மாடத்தி, இன்னொருத்தி பேச்சியம்மாள்.

ஒரு நாள் காலையில் ஆவுடைநாயகம் அம்மையிடம் வந்து நின்றார்.

"அம்மா, பேச்சியை நிறுத்திரலாம்னு இருக்கேன்."

"என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலை. அவளுக்குக் கைராசி இல்லை. ரெண்டு பேருக்கும் நூறு நூறு பை கொடுத்தேன். மாடத்தி கையில எழுபத்தெட்டு முளைச்சுது. பேச்சி கையில அறுபத்தேழுதான். இனிமே எல்லாத்தையும் மாடத்தியே ஊணட்டும்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஆவுடைநாயகம் கொஞ்சம் நெளிந்தார். "மாடத்திகிட்ட சொன்னேன்."

மாடத்தியிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. அது அவருக்கும் தெரியும்.

அம்மை கேட்டார். "பெரியவரே, இருநூறு பையையும் ஒருத்தியே ஊணியிருந்தா, முதல் நூறுலயும் அடுத்த நூறுலயும் ஒரே எண்ணிக்கைதான் முளைச்சிருக்குமா?"

"அது எப்படிம்மா? ஒருத்தியே ஊணினா யாரை யாரோட ஒப்பிட?"

"அதைத்தான் கேக்கேன்."

ஆவுடைநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது தலையை ஆட்டி வைப்பது மடத்துக்கு வந்து அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம். ஆட்டி வைத்தார்.

"இப்ப நீங்க ஊணுங்க. நூறு பை வலது கையால. நூறு பை இடது கையால."

"இடது கையாலயா?"

"இடது கையாலதான். ஒரே கூடையில இருந்து கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும். பைகளை ஒண்ணு விட்டு ஒண்ணா வைங்க, ஒரே வெயில் ஒரே தண்ணி கிடைக்கட்டும். இடது கை ஊணின பையில மட்டும் ஒரு ஈர்க்குச்சி குத்தி வைங்க. முளைக்கிற வரைக்கும் பேச்சி பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. திருநீறோடு கொடுக்கிற கன்று. அதற்கு இடது கையா? அம்மை தன்னுடைய அகங்காரத்தை அடக்கப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தார். சரி, அடங்குவோம் என்று உட்கார்ந்தார். பாதி ஊன்றியபோது, இது பொறுமைக்கான சோதனை என்று தோன்றியது. முடிக்கும்போது இரண்டும் இல்லை, அம்மைக்குத் தன் மேல் கோபம் என்று தோன்றியது. மூன்றில் எது என்று தெரியாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

நாள் போய்க்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் நாற்றங்கால் பக்கமே வருவதில்லை. முற்றம் கூட்டுவாள், தண்ணீர் இறைத்து வைப்பாள், போய்விடுவாள். ஒரு நாள் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ஐயா, என் கையில என்ன குறை?"

அவர் அடுத்த பைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"போன மழைக்கு நாத்து நடக் கூப்பிட்டவங்க எல்லாரும் இந்த வருசம் வேண்டாங்காங்க. உனக்குக் கைராசி இல்லைன்னு மடத்துலயே சொல்லிட்டாங்களாமேன்னு கேக்காங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"எனக்குப் பேச உத்தரவு இல்லை, பேச்சி."

"என் மவளுக்குப் பரிசம் போட வாராங்க ஐயா. அவ நெத்தியில என் கையால பொட்டு வைக்கப் பயமா இருக்கு."

இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டினாள். காய்ப்பு ஏறிய கை. நகக்கண்ணில் மண். அவர் அதில் எதைத் தேடுவது என்று தெரியாமல் பார்த்தார். மில்லில் எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறார். ஒருவரும் அவரிடம் கையை நீட்டிக் கேட்டதில்லை.

விதைகள் முளைத்தன. இனி முளைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனதும் ஆவுடைநாயகம் எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் மாறியது. மறுபடியும் எண்ணினார். ஈர்க்குச்சிகளைக் காற்று ஏதாவது இடம் மாற்றியிருக்குமோ என்று குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் வைத்த இடத்தில்தான் இருந்தன.

அம்மை நாற்றங்காலுக்கே வந்தார்.

"என்ன பெரியவரே?"

"இடது கையில எண்பது, அம்மா."

"வலது?"

"எழுபது." அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏன் அப்படி?"

இந்தக் கேள்விக்காக அவர் காத்திருந்தார். "யோசிச்சுப் பாத்தேன்மா. இடது கைக்குப் பழக்கம் கிடையாது. மெதுவா, பதனமா ஊணும். வலது கை அவசரத்துல ஆழமா அமுக்கிருது. ஆழமாப் போனா முளைக்காது. அதான்."

"நல்ல காரணம். வலது கை முந்தியிருந்தா?"

"அது சரியாத்தானே இருந்திருக்கும். வலது கை பழகின கை. அளவு தெரிஞ்சு..."

பாதியில் நிறுத்திவிட்டார். அம்மை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரே மனுசன். ஒரே கூடை விதை. ஒரே மண்ணு," என்றார் அம்மை. "பத்து வித்தியாசம்."

"இது ஏதோ தற்செயலா வந்ததும்மா."

"பேச்சிக்கும் மாடத்திக்கும்?"

"பதினொண்ணு."

வேலியில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்து போனது. ஆவுடைநாயகம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது அவருக்கு.

"புரிஞ்சுதும்மா. பேச்சி கையில ஒரு குறையும் இல்லை. ரெண்டு பேர் கையும் ஒண்ணுதான். அப்படித்தானே?"

"எனக்குத் தெரியாது."

"என்னம்மா இது! இப்பத்தானே காட்டினீங்க?"

"இவ்வளவு வித்தியாசம் சும்மாவே வரும்னுதான் பாத்தோம். சும்மாதான் வந்துச்சுன்னு எங்க பாத்தோம்? அவ கையில நிசமாவே ஏதாவது இருந்தாலும் இருக்கலாம்."

இறங்கிய பாரம் மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டது. குறை உண்டு என்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். இல்லை என்றாலும் தெரியாது என்கிறார். இந்த அம்மையிடம் வந்து எந்தப் பக்கம் காலை வைப்பது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"அப்ப எந்தக் கணக்கையுமே நம்பக் கூடாதா?"

"நம்பலாமே. மாடத்திக்கு எழுபத்தெட்டும் பேச்சிக்கு இருபதும் முளைச்சிருந்தா, உங்களை நான் இந்த வயசுல மண்ணுல உக்கார வச்சிருக்க மாட்டேன். நேரா அவகிட்டப் போய், எப்படி ஊணுதேன்னு கேட்டிருப்பேன்."

"அப்ப அவளைப் பத்தி எப்பத்தான் தெரியும்?"

"பதினொண்ணை வச்சுத் தெரியாது. இன்னும் நிறைய ஊணினா தெரியலாம். ஆயிரம் பை, ரெண்டாயிரம் பை. ரெண்டு பேரும் ஒரே கூடையில எடுத்து, மாத்தி மாத்தி வச்சு."

"அதுக்கு வருசம் ஆகுமேம்மா."

"ஆகும். அதுக்கு அவ இங்க இருக்கவும் வேணும்."

மடத்து வாசலில் பேச்சியம்மாள் நிற்பது நாற்றங்காலில் இருந்தே தெரிந்தது. விதைகள் முளைத்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கக்கத்தில் ஒரு மூட்டை இருந்தது. மடத்தில் வைத்திருந்த மாற்றுச் சேலையும் களைக்கொத்தும் தவிர அதில் வேறு என்ன இருக்கப் போகிறது? போகச் சொன்னால் போய்விடுவதற்குத் தயாராக வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ஆவுடைநாயகம் குனிந்து ஈர்க்குச்சிகளைச் சரிசெய்யத் தொடங்கினார்.

இருந்தாலும் முப்பது வருஷத்து மேஸ்திரி அவ்வளவு சுலபத்தில் ஓய்வு பெறுவாரா?

"அம்மா, தெரியாது தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா நாற்றங்கால் எப்படி நடக்கும்? கன்று குறைஞ்சுருக்கு, அது நிசம். அதுக்கு யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்ல? குறைவா முளைச்ச கையை நிறுத்தணும். அதான் முறை. மில்லுல நாங்க அப்படித்தான் செய்வோம்."

அம்மை அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒருவரின் நிதானம் இருந்தது.

"அதுதான் முறையா?"

"அதுதான்மா முறை."

"சரி. மணி அடிச்சாச்சு, பந்தியில இலை போட்டிருப்பாங்க. பேச்சியையும் கூப்பிட்டு உக்கார வைங்க. நீங்களும் போய் உக்காருங்க." குனிந்து, ஈர்க்குச்சி இல்லாத, முளைக்காமல் போன ஒரு பையை எடுத்து அவரிடம் கொடுத்தார் அம்மை. "குறைவா முளைச்ச கையை இன்னையில இருந்து நிறுத்திருவோம். சோத்தை இடது கையால சாப்பிடுங்க."