பூதிக்குச் சம்மதம் தர ஒருவர்

"என் முடியைப் பறித்துவிடுங்கள் அம்மையே," என்றாள் பூதி. "இன்றைக்கே எனக்குத் துறவு கொடுங்கள்."

இடுப்பில் கைப்பிள்ளையோடு மலை ஏறி வந்திருந்தாள்.

குகையில் தவமிருந்த சமணப் பெண்துறவியரின் தலைவி நிமிர்ந்து பார்த்தார். குரத்தியார் என்பார்கள். பூதியைவிட இளையவர்.

"என்ன செய்தாய்?"

"முற்றுகையின்போது எங்கள் கோட்டையின் சின்ன வாசலைத் திறந்துவிட்டேன்."

"யாருக்கு?"

"சேந்தனுக்கு. எதிரிப் படைத் தலைவன். போர் மூளும் முன்பே பழக்கம். வாசலைத் திறந்தபோது அவன் பிள்ளை இவன் என் வயிற்றில். தனியாகத்தான் வருவேன் என்றான்."

"வந்தானா?"

"வந்தான். பின்னாலேயே படையும் வந்தது. கோட்டையைக் காத்து நின்ற என் அண்ணனின் வேல் சேந்தன் மார்பில் பாய்ந்தது. சேந்தனின் ஆட்கள் அண்ணனை வெட்டினார்கள். இரண்டு பேரும் என் காலடியில் விழுந்தார்கள். யாருக்கு முதலில் அழுவதென்று தெரியாமல் நின்றேன், அம்மையே."

ஒரு துறவி கிண்ணத்தில் சாம்பலோடு வந்து நின்றாள். பறிக்கும்போது முடி வழுக்காமல் இருக்கப் பூசுவது.

குரத்தியார் கையமர்த்தினார்.

"முறை ஒன்று இருக்கிறது. துறவுக்கு வருபவளை வீட்டார் சம்மதித்து அனுப்ப வேண்டும். யாரையாவது கூட்டி வா."

பூதி சிரித்துவிட்டாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"வீட்டாரா? அத்தனை பேரையும் சாகக் கொடுத்துவிட்டல்லவா வந்திருக்கிறேன்."

"இடுப்பில் இருப்பது யார்?"

"இவனா? பச்சைப் பிள்ளை. அடிவாரத்தில் ஓர் உழவர் வீட்டில் இவனை வளர்க்கக் கேட்டிருக்கிறேன். என் பாவம் இவன்மேல் படாமல் வளரட்டும்."

"அவனைக் கேள்."

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை.

பிள்ளையை முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"நான் போகட்டுமாடா?"

பிள்ளை அவளையே பார்த்தது. சேந்தனின் கண்கள். ஏதோ பிடிக்காமல் நெற்றியைச் சுருக்கியது. அப்படியே அண்ணன்.

எதிரெதிரே நின்று மாண்ட இரண்டு பேரும் ஒரே முகத்திலிருந்து அவளைப் பார்த்தார்கள்.

பூதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை மட்டும் விடவில்லை.

குரத்தியார் எழுந்து நின்றார். அரசன் வந்தாலும் எழாதவர்.

"அவனுக்குப் பேச்சு வரட்டும். விவரம் தெரியட்டும். செய்ததை ஒன்று விடாமல் சொல். கேட்டு முடித்துவிட்டு அவன் போ என்றால், வா."

"சொன்னால் என்னை வெறுப்பானே."

"வெறுக்கட்டும். வெறுப்பதற்கும் நீ பக்கத்தில் இருக்க வேண்டாமா?"