பெரிய ராஜா போட்ட கன்றுத் தோட்டம்

உக்கிரசேன ராஜாவுக்குப் பெயரில் மட்டும்தான் உக்கிரம். மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவார், மத்தியானம் குறட்டை விடுவார். அந்தக் குறட்டைக்கு வெள்ளியில் ஓர் ஊஞ்சல் வேண்டும் என்று திடீரென ஆசை வந்துவிட்டது. கஜானாவிலோ எலி கூடக் குடியிருக்க மாட்டேன் என்று ஓடிவிட்டிருந்தது.

"எதற்கு வரி போடலாம், ராயரே?" என்று ராஜா தம் அமைச்சர் அனந்தராயரிடம் கேட்டார்.

ராயர் தாடியைத் தடவினார். செக்குக்குப் போட்டாயிற்று, தறிக்குப் போட்டாயிற்று, கழுதைக்கும் போட்டாயிற்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குருவம்மா என்கிற பெண் கூடையில் மாங்கன்று சுமந்து விற்றுக்கொண்டு போனாள். ராயருக்கு முகமெல்லாம் பல்.

மறுநாளே தண்டோரா. கன்று வளர்க்க ஓர் உரிம ஓலை வாங்க வேண்டும். விற்க வேறோர் ஓலை. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். அப்பன் ஓலை வாங்காமல் கன்று வைத்துவிட்டுச் செத்துப்போயிருந்தால், அதையும் பிள்ளை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கன்று முளைத்து நிற்கிற இடத்தை யானை மிதித்துத் தரைமட்டமாக்கும்.

குருவம்மா மாசாணத்திடம் ஓடினாள். மாசாணம் யாரென்றால், ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் சம்பளம் வாங்குகிறவன். சிரிக்க வைப்பதைவிட நெளிய வைத்ததுதான் அதிகம்.

"அண்ணே, வளர்க்க ஒண்ணு, விக்க ஒண்ணாம்! வளர்த்ததை விக்காம நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்? எங்கப்பா காலத்துக்கும் சேர்த்துக் கட்டணுமாம். எங்கே போவேன்?"

"கன்றுகளை எல்லாம் வேற எடத்துக்கு மாத்திடேன்."

"மாங்கன்று பூரா இப்பத்தான் தாய்மரத்தோட சேர்த்து ஒட்டுக் கட்டியிருக்கேன். ஒட்டு பிடிக்கிறதுக்குள்ள பிரிச்சா அத்தனையும் பட்டுப்போகும். அதுதான் அண்ணே என் சோறு."

"யானை எப்போ வருது?"

"நாளைக்குச் சாயங்காலம். நாளைக்கு அமாவாசைன்னுகூடப் பார்க்கலை, பாவிங்க."

"அமாவாசையா? அடடா, ரொம்ப நல்லதாப் போச்சு!"

"என் குடி முழுகுது, உனக்கு நல்லதாப் போச்சா?" என்று குருவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனைத் திட்டினாள்.

அமாவாசை உச்சிவேளை. அரண்மனை மொட்டைமாடியில் ராஜா ஈர வேட்டியோடு நின்றார். கைப்பிடிச் சுவர்மேல் இலை, இலையில் எள்ளுச் சோறு. செத்துப்போன அப்பா காக்கையாக வந்து அதைத் தொட்டால்தான் பிள்ளைக்குச் சாப்பாடு. ராஜாவுக்குப் பசி உயிர் போயிற்று.

"கா! கா! அப்பா, வாங்கப்பா! வயிறு ஒட்டிப்போச்சுப்பா!"

ஒரு கிழட்டுக் காக்கை வந்து சோற்றைக் கொத்தியது. ராஜா கும்பிட்டார். ராஜமாதா தேம்பினாள். "தலையைச் சாய்ச்சுப் பார்க்கிறதைப் பாரு. அப்படியே அவரேதான்!"

அப்போது பார்த்து மாசாணம் வந்தான். காக்கையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ராஜா, இவர் பெரிய மகாராஜாதானே? சந்தேகமில்லையே?"

"என்னடா கேள்வி? எங்கப்பாவை எனக்குத் தெரியாதா?"

"மன்னிக்கணும்." மாசாணம் எழுந்து சுவரின் வெளிப்பக்கத்தை எட்டிப் பார்த்தான். வெடிப்புக்கு வெடிப்பு வேப்பங்கன்றும் ஆலங்கன்றும் தளதளவென்று நின்றன. "ராயரே, இதையெல்லாம் இங்கே யார் வைத்தது?"

"யாரும் வைக்கவில்லை. காக்கை பழத்தைத் தின்று எச்சம் போட்டது, முளைத்தது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!" என்றார் ராயர் பெருமையாக.

"கேட்டீர்களா ராஜா? உங்கள் அப்பா ஓலை வாங்காமல் கன்று வளர்த்திருக்கிறார்."

ராயருக்கு வேர்த்தது. "அ... அவர் விற்கவில்லையே!"

"விற்க ஓலை வேறு, வளர்க்க ஓலை வேறு. தண்டோரா நீங்கள் போட்டதுதானே?"

"யோவ், அது வெறும் காக்கை!"

"யாரைக் காக்கைங்கிறே?" என்று ராஜமாதா எழுந்தாள். ராயர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா மாசாணத்தின் பக்கம் திரும்பினார். "இப்போ என்ன செய்யணும்?"

"அப்பா வைத்ததற்குப் பிள்ளை கட்ட வேண்டும். அந்தச் சட்டம் குருவம்மாவுக்கு மட்டுமா? இல்லாவிட்டால் கன்று நிற்கிற இடம் தரைமட்டம். யானையை வாசலுக்கு வரச் சொல்லிவிட்டேன். கரும்பு தின்றுகொண்டிருக்கிறது."

கீழே யானை பிளிறியது. ராஜா கைப்பிடிச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ராயரே! கஜானாவில் காசு இல்லை, அரண்மனையும் போகப்போகிறது. ஏதாவது செய்யும்!"

ராயர் பதறிப்போய்க் காக்கையை விரட்டக் கையை ஓங்கினார். அது விர்ரென்று எழும்பி, அவர் தலைக்கு நேரே ஒரு சுற்று சுற்றி, வழுக்கையின் நட்டநடுவில் சொத்தென்று போட்டது.

மாசாணம் பக்கத்தில் போய், குனிந்து, நிதானமாகப் பார்த்தான்.

"விதை இருக்கிறது, ராயரே. வேம்பு. முளைப்பதற்குள் ஓலை வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்று நிற்கிற இடத்தை..."

கீழே யானை மறுபடியும் பிளிறியது.

"வேண்டாம்! சட்டமே வேண்டாம்!" ராயர் இடுப்பிலிருந்த உத்தரவு ஓலையை உருவி, ஒடித்து, நசுக்கி, பாதியைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

ராஜா சிரித்த சிரிப்பில் ஈர வேட்டி காய்ந்துவிட்டது. குருவம்மாவின் கன்றுகள் பிழைத்தன. மாசாணத்துக்குப் பட்டுச் சால்வை கொடுத்தார். அவன் அதை அங்கேயே இரண்டாக மடித்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

"தோளில் போடடா, மடையா!"

"பெரிய மகாராஜா இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார், ராஜா."