எடுத்துக்காட்டு வாக்கியம்

நல்லபெருமாள் ஐயா ஆங்கிலம்–தமிழ் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே சீடன் வேலாயுதம், பன்னிரண்டு வருடமாகக் கூடவே இருப்பவன். ஐயாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அது இட்டுக்கட்டியதாக இருக்கக் கூடாது, அன்றைக்கு வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். அதனால் அகராதி முழுக்கப் பால்காரரும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான் வந்து போனார்கள்.

அன்றைய ஆங்கிலச் சொல் 'டெல்' (tell).

காலை எட்டு மணிக்கு மதுரையிலிருந்து ஐயாவின் மருமகன் போன் செய்தார். ஐயா குளித்துக்கொண்டிருந்ததால் வேலாயுதம்தான் எடுத்தான். ஐயாவின் ஒரே மகள் பூரணி, நேற்று நடந்த இதய ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழிக்காமலே போய்விட்டாளாம்.

"மாமாவுக்கு நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்" என்று அழுதார் மருமகன்.

பக்குவமாம், பக்குவம்! இதென்ன குழம்பா? வேலாயுதத்துக்குக் கை கால் ஓடவில்லை.

ஐயா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"போன் அடிச்சுதே, யாருப்பா? மாப்பிள்ளையா?"

"இல்லை ஐயா. அச்சகத்துக்காரர்."

பாவி, வாயைத் திறந்ததும் பொய்தான் வந்தது.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, 'டெல்'லுக்கு என்னென்ன வெச்சிருக்கே?"

"சொல், கூறு, உரை, செப்பு, இயம்பு, பகர், நவில், விளம்பு... தெரிவி, அறிவி. அப்புறம் கட்டளையிடு. ரெட்டைப் பிள்ளைங்கள்ல எது எதுன்னு கண்டுபிடிக்கிறதும் 'டெல்'தான். மொத்தம் இருபத்தாறு ஐயா."

"அடேயப்பா! சொல்றதுக்கு மட்டும் நம்ம ஆளுங்க குறையே வைக்கல."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். இனி இந்த மனுஷன் இப்படிச் சிரிக்கப் போவதில்லை என்பது வேலாயுதத்துக்கு மட்டும்தானே தெரியும்.

ஐயா தாளை வாங்கிப் பார்த்தார். வாக்கியத்துக்கு விட்ட இருபத்தாறு இடங்களும் காலியாக இருந்தன.

"வாக்கியம் எங்கே?"

வேலாயுதம் பேனாவைத் திறந்தான். மறுபடி மூடினான்.

"ஒரு நாள்கூட நீ காலியா விட்டதில்லையே. இன்னிக்கு வீட்டுல ஒண்ணுமே நடக்கலையா?"

"ஐயா... இத்தனை வார்த்தை இருக்கே. சொல்லவே முடியாததை இதுல எதை வெச்சு ஐயா சொல்றது?"

ஐயா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். தாளை மெதுவாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பூரணி எத்தனை மணிக்குப்பா போனா?"