கொம்பையா வரி கட்டாத கதை

வேட்புமனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மதியம் மூன்று மணி அடித்தால் நகராட்சி அலுவலகத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒன்றரை மணிக்கு, அலுவலகத்துக்கு எதிரே செல்லக்கனி நடத்தும் ஜெராக்ஸ் கடைக்குள் பதினாலாம் வார்டின் வருங்கால உறுப்பினர் நுழைந்தார். வருங்கால உறுப்பினர் என்று சொன்னது அவர். ஊர் சொன்னது பஞ்சர் கடை கொம்பையா.

தேர்தலில் நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. கட்சி இல்லை, கொடி இல்லை. கொள்கை மட்டும் ஒன்று இருந்தது: வரி. அநியாயமாக வீட்டு வரி போட்டுவிட்டார்கள் என்று முறையிடுகிறவர்களின் மனுவை விசாரிக்க நகராட்சியில் ஒரு குழு உண்டு. ஜெயித்து வரும் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு அதற்கு ஆள் எடுப்பார்கள். அந்தக் குழுவில் போய் உட்கார்ந்து ஒரு கை பார்ப்பதற்காகவே நிற்கிறேன் என்று கொம்பையா ஒரு மாதமாகத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"தாயி, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு காப்பி போடு" என்று தாள்கள் அடுக்கியிருந்த கோப்பை மேசையில் வைத்தார்.

செல்லக்கனி தாள்களைப் புரட்டினாள். முன்மொழிபவர் கையெழுத்துப் போடவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"அண்ணாச்சி, முன்மொழியறது யாரு?"

"என் மச்சினன்தான். காலையில இருந்து போனை அமத்தி வச்சிருக்கான்." கொம்பையா கடையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் மனு எழுதும் அய்யம்பெருமாள் சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ ஓட்டும் மைதீன் சவாரிக்குக் காத்திருந்தான். ஒருவருக்கு ஒன்பதாம் வார்டு, இன்னொருவனுக்கு மூன்றாம் வார்டு. முன்மொழிகிறவர் அதே வார்டில் ஓட்டு உள்ளவராக இருக்கவேண்டும். அந்த இடத்தில் பதினாலாம் வார்டில் ஓட்டு உள்ளவள் செல்லக்கனி ஒருத்திதான்.

கொம்பையாவின் பார்வை தன் மேல் வந்து நின்றதும் செல்லக்கனி ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் அந்தக் குழுவில் ஒரு காரியம் இருந்தது. வீட்டு மாடிப்படிக்கு அடியில் விளக்குமாறு வைக்கிற இடத்தை ஓர் அறை என்று கணக்கில் எழுதி அவளுக்கு வரியை ஏற்றியிருந்தார்கள். இரண்டு தடவை மனுக் கொடுத்தாள். இரண்டு தடவையும் பதில் இல்லை. அங்கே பேச ஓர் ஆள் வேண்டும்தான். ஆனால் இந்த ஆளா? கொம்பையா சொல்வதில் பாதிக்குப் பாதி தள்ளினாலும் மிஞ்சுவது பொய் என்று ஊரில் பேச்சு. இவருக்கு முன்மொழிந்தவள் என்று பெயர் வந்தால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்பார்கள்.

"கையெழுத்துப் போடலாம் அண்ணாச்சி. ஆனா வரியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு நாலு பேரு கேப்பாங்களே?"

"எனக்கா?" கொம்பையா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அய்யம்பெருமாள் அண்ணாச்சி, கேட்டீரா? எனக்கு வரியைப் பத்தித் தெரியுமான்னு கேக்கா."

"கேட்டேன், கேட்டேன். மணி ஒண்ணு நாப்பது. சுருக்கச் சொல்லும்வே."

"வீட்டை அளக்க டேப்பு எடுத்துக்கிட்டு ஒரு ஆபீசர் வந்தாரு. நான் ஒண்ணும் பேசல. சொவத்தைப் பாத்து ஒரு முறை முறைச்சேன். அவ்வளவுதான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கையில நெஞ்சை விரிப்பானுவ பாத்தியா, அதுக்கு நேர் மாறா என் வீடு அப்படியே வயித்தை எக்கிக்கிட்டு நின்னுது. இருபதடி அகலம் எட்டடியாப் போச்சு. ஆபீசர் மூணு தடவை அளந்தாரு. கடைசியில கோழிக்கூடுன்னு எழுதிட்டுப் போனாரு."

"அப்போ வீட்டுக்குள்ள அக்கா இருந்தாவளா?" என்றான் மைதீன்.

"இருந்தா. அடுப்படியில நின்னா."

"நசுங்கலையா?"

"அன்னைக்கு ஒட்டுன வயிறுதான்டே. இன்னைக்கு வரைக்கும் ஒரு சுத்து சதை போடல. வேணும்னா போய்ப் பாரு."

அய்யம்பெருமாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், புரையேறி இருமினார். செல்லக்கனி உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷினுக்குள் ஒரு தாளை வைத்தாள்.

"அது வீட்டு வரி. குடிதண்ணி வரி கதை கேளு. எங்க தெருக் குழாய்ல தண்ணி வராது, காத்துதான் வரும். உஸ்ஸுன்னு ஒரே காத்து. வராத தண்ணிக்கு வரி கேட்டா விட முடியுமா? குழாய் மூக்குல ஒரு ரப்பர் டியூபை மாட்டுனேன். கடையில கம்ப்ரெசரை வித்துட்டேன். அந்தக் குழாய்க் காத்தையே சைக்கிளுக்கு அடிச்சேன், மோட்டார் சைக்கிளுக்கு அடிச்சேன், பஸ்ஸுக்கு அடிச்சேன். டிரைவருமாரு பஸ் ஸ்டாண்டுல இருந்து வண்டியைத் திருப்பிக்கிட்டு நேரா என் கடைக்குத்தான் வருவானுவ."

"என் ஆட்டோவுக்கும் அடிச்சீரு. அடுத்த தெரு திரும்புறதுக்குள்ள இறங்கிட்டு."

"அது வரி போட்ட காத்து மைதீனு. நீ சொந்தமா வரி கட்டாதவன், உன் வண்டியில அது எப்படித் தங்கும்? பேச்சை மறிக்காத. ஒருநாள் காத்தாடி எறக்கை ஏத்திக்கிட்டு நீட்டமா ஒரு லாரி வந்துது. மலையடிவாரத்துல கரண்டு எடுக்க நட்டிருக்கானே, அந்தக் காத்தாடி. லாரிக்காரன், 'அண்ணாச்சி, ஆடி முடிஞ்சிட்டு, காத்தே இல்லை, காத்தாடி எல்லாம் சும்மா நிக்கி'ன்னு அழுதான். எனக்கு மனசு கேக்கல. டியூபை மேற்கால திருப்பிவிட்டேன். பத்து மைலுக்கு அந்தாண்ட அம்பத்தாறு காத்தாடியும் ஒரே நேரத்துல சுத்துது! அன்னைக்கு ராத்திரி இந்த ஊர்ல கரண்டு போகவே இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கணுமே?"

"கரண்டு போகாத ராத்திரின்னு ஒண்ணு எனக்கு ஞாபகம் இல்லைவே" என்றார் அய்யம்பெருமாள்.

"நீரு தூங்கியிருப்பீரு."

மணி இரண்டாகப் பத்து நிமிடம். கொம்பையா எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து சொல்கிற கட்டத்தைக் கதை தாண்டிவிட்டது.

"கடைசியில வேற வழியில்லாம மேளத்தை ஏவிவிட்டானுவ. வரி கட்டாதவன் வீட்டு வாசல்ல மேளம் அடிச்சு மானத்தை வாங்குவாங்களே, அது. நாலு மேளக்காரன், பின்னால நகராட்சிப் பெரிய அதிகாரி. நான் கதவைத் திறந்தேன். அடிச்சவன் யாரு தெரியுமா? வருசா வருசம் நம்ம கோயில் கொடைக்கு அடிக்கிற அதே செட்டு! 'ஏலே, நம்ம அடி அடிங்கலே'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவ்வளவுதான். அடி பிரிச்சு மேய்ஞ்சிட்டானுவ. நான் ஆடுதேன், தெரு ஆடுது, எதுத்த வீட்டு ஆடு கயித்தை அத்துக்கிட்டு ஆடுது. திரும்பிப் பாத்தா அதிகாரிக்கு சாமி வந்துட்டு!"

"அதிகாரிக்கா?" என்று செல்லக்கனி தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

"சட்டைப் பையில பேனாவோட ஆடுதாரு தாயி! நான் தண்ணி தெளிச்சு, 'சாமி, நீ யாரு, உனக்கு என்ன வேணும்'னு கேட்டேன். 'கொம்பையா வீட்டு வாசலை இனிமே மிதிக்க மாட்டேன், இது சத்தியம்'னு குறி சொல்லி, எனக்குத் துன்னூறு பூசிட்டுத்தான் மலையேறிச்சு. இருபத்தோரு வருசம். கேட்டுக்கிடுங்க, இருபத்தோரு வருசமா இந்தக் கொம்பையா நகராட்சிக்கு ஒத்தப் பைசா வரி கட்டினதில்ல! என்னை விட்டா அந்தக் குழுவுல உக்கார இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

மைதீன் கைதட்டினான். அய்யம்பெருமாள் தட்டவில்லை. அவர் கொம்பையாவின் மனுவை எடுத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"வே கொம்பையா, ஏழாவது பத்தியைப் பாத்தீரா?"

"அதுல என்ன?"

"நகராட்சிக்கு வரி பாக்கி வச்சிருக்கிறவன் தேர்தல்ல நிக்க முடியாது. பாக்கி இல்லைன்னு ஆதாரத்தோட உறுதிமொழி கொடுக்கணும். நீரு இப்போ சொன்னது நிசம்னா, இந்த மனுவை பொட்டலம் மடிக்கக் கொடுக்கலாம்."

கையில் எடுத்திருந்த பேனாவைச் செல்லக்கனி மூடி வைத்தாள்.

"பின்ன நான் கையெழுத்துப் போட்டு என்ன செய்ய அண்ணாச்சி? பரிசீலனையிலேயே தூக்கிருவாங்க. என் பேரும் சேந்து நாறும்."

கொம்பையா வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபது. பிறகு மெதுவாகக் கோப்பின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவி, மைதீனுக்கு முதுகைக் காட்டியபடி, செல்லக்கனியிடம் மட்டும் நீட்டினார்.

உள்ளே ரசீதுகள். வீட்டு வரி, குடிதண்ணீர் வரி, குப்பை வரி. இருபத்தோரு வருடத்துக்கும் வரிசையாக அடுக்கி, நூலால் கட்டியிருந்தது. எல்லாம் ஏப்ரல் மாதம் கவுன்டர் திறந்த முதல் நாள் கட்டியவை. ரசீது எண் ஒன்று. அடுத்த வருடமும் ஒன்று. அதற்கடுத்த வருடமும் ஒன்று.

அய்யம்பெருமாள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அடப்பாவி! விடியுமுன்ன போய் வரிசையில நின்னிருக்கீரே ஓய்!"

மைதீன் விழுந்து விழுந்து சிரித்தான். கொம்பையா அரை நிமிடம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"நான் வரி கட்டப் போனேன்னா நினைக்கீங்க? போணி பண்ணப் போனேன்! என் கை ராசி அப்படி. 'கொம்பையா, உங்க கையால முதல் காசு விழுந்தாத்தான் கஜானா நிறையும்'னு கவுன்டர்ல இருக்கிறவங்க வீடு தேடி வந்து கும்பிட்டாங்க. ஊரு நல்லா இருக்கட்டும்னு போனேன்."

"இந்த ஒரு ரசீதுல மட்டும் ரெண்டுன்னு போட்டிருக்கே?" என்றாள் செல்லக்கனி. கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி வைத்திருந்தாள்.

"அது ஒரு கெட்ட வருசம் தாயி. அன்னைக்கு எனக்கு முன்னால எவளோ ஒரு பொம்பளை போய் நின்னுட்டா. என்ன கையோ, என்ன ராசியோ! அவ போணி பண்ணின மறுமாசம் மேட்டுத் தெரு தண்ணி டேங்க் ஒடஞ்சிது. பஸ் ஸ்டாண்டு கூரை சரிஞ்சிது. நகராட்சி எருமை ரெண்டு காணாமப் போச்சு. அப்பேர்ப்பட்ட கை!"

செல்லக்கனி ரசீதைத் திரும்ப உறைக்குள் வைத்தாள்.

"அந்த வருசம் ஒண்ணாம் நம்பர் ரசீது என்னுது அண்ணாச்சி."

மைதீன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். இரண்டு நாற்பது. அந்த நேரத்தில் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே கையை, கொம்பையா கூசாமல் பழித்துவிட்டிருந்தார். அய்யம்பெருமாள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பார்க்கச் சகிக்காதவர் போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொம்பையா ஒரு மூச்சு இழுத்தார்.

"அதைத்தான தாயி சொல்ல வந்தேன்! என்னை முடிக்க விடுங்க. இருபத்தோரு வருசம் என் கையால போணி ஆகியும் என்ன கண்டோம்? வெறும் காத்து! அந்த டேங்க் ஒடஞ்ச அன்னைக்குத்தான் இந்த ஊர்ல அத்தனை வீட்டுக்கும் தண்ணி வந்துது. வாசல் வரைக்கும் வந்துது. சில வீட்டுல கட்டில் வரைக்கும் வந்துது. ஊரு உண்டான நாள்ல இருந்து அப்படி ஒரு தண்ணி விநியோகம் உண்டா? அது யாரு கை? உங்க கை! அந்தக் கை கையெழுத்துப் போட்டா நான் வார்டுல மட்டுமா ஜெயிப்பேன்? பக்கத்து நகராட்சியிலயும் நான்தான்!"

செல்லக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். முன்மொழிபவர் என்ற இடத்தில் பெயர், வார்டு எண், வரிசை எண் எல்லாம் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஓடுங்க. ரெண்டு அம்பது."

"நான் ஏன் ஓடணும்? நான் உள்ள போற வரைக்கும் கடிகார முள்ளு நகராது" என்று சொன்ன கொம்பையா, வேட்டியை மடித்துக் கட்டி, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பஸ்ஸுக்கும் ஒரு லாரிக்கும் நடுவே சாலையின் குறுக்கே பாய்ந்து ஓடினார்.

அவர் அலுவலகப் படியேறி மறையும் வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இவ்வளவு புளுகுற ஆளுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கியே" என்றார் அய்யம்பெருமாள்.

செல்லக்கனி மெஷினை அணைத்தாள்.

"பதினாலாம் வார்டுல இதோட ஒன்பது மனு. எல்லாத்துக்கும் நான்தான் காப்பி போட்டேன். வரியைக் கட்டிட்டுக் கட்டலைன்னு சொல்றவரு இவரு ஒருத்தருதான் அண்ணாச்சி."