நாலு நாய்களும் ஒரு சாக்கும்

குளத்தங்கரையை ஒட்டி ஒரு தோட்டம். அந்தத் தோட்டத்தில் நாலு நாய்கள் இருந்தன.

பெரியவன் கருவாயன். முகத்தைக் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்த மாதிரி வாய் மட்டும் கருப்பு. அவன் ஒரு உறுமல் உறுமினால், தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே கடிதத்தை வீசிவிட்டுப் போய்விடுவார். அடுத்தவள் செவலை. அதே தோட்டத்தில் பிறந்தவள். சத்தமே போடமாட்டாள். மூன்றாவது குட்டையன். கால் நாலும் கட்டை, நாக்கு மட்டும் நீளம். கொட்டகையில் இருக்கும் கன்றுக்குட்டிக்கு அவன்தான் கூட்டாளி. கடைசி புள்ளி. ஐப்பசி மழையில் வாய்க்கால் ஓரம் நனைந்து கிடந்த குட்டியைச் செவலைதான் கவ்விக்கொண்டு வந்து சேர்த்தாள்.

தோட்டத்துக்காரன் நஞ்சப்பன். அவன் பெண்டாட்டி மயிலாத்தாள். தூளியில் ஒரு கைக்குழந்தை. அவ்வளவுதான் அந்த வீடு.

அப்போது மார்கழி மாதம். குளத்துக் காத்து வந்து காதுமடலைக் கிள்ளும். அந்தக் குளிருக்கு இதமாக ஒரே ஒரு இடம் இருந்தது. தாழ்வாரத்தில், சமையல்கட்டு அடுப்புக்குப் பின்பக்கச் சுவரோரம். உள்ளே சமைத்த சூடு விடிய விடியச் சுவரில் நிற்கும். அங்கே மயிலாத்தாள் ஒரு சணல் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தாள். அதில் கருவாயன்தான் படுப்பான்.

ஏன் அவன்? எல்லாம் நாய்களின் சட்டம்! நாய்களுக்குப் பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. மூக்குதான் எல்லாம். ஒரு இடத்தில் யாருடைய வாசம் இருக்கிறதோ, அந்த இடம் அவர்களுடையது. சாக்கில் கருவாயன் வாசம் இருந்தது. அதனால் யாரும் ஒரு பேச்சுப் பேசவில்லை.

அப்புறம் பொங்கல் நோம்பி வந்தது. மயிலாத்தாள் வீட்டை வழித்துத் துடைத்தாள். பாய், தலையணை உறை, திரைச்சீலை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் குளத்துக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள். போகிற போக்கில் சாக்கையும் தூக்கிக்கொண்டு போனாள். சோப்பைக் குழைத்துப் பூசி, கல்லில் அடித்து, வேலியில் காயப்போட்டாள். சாயங்காலம் பழைய இடத்திலேயே மடித்துப் போட்டுவிட்டாள்.

வந்தது வினை!

கருவாயன் கால் நீட்டப் போனான். குட்டையன் குறுக்கே வந்து நின்றான்.

"ஏனுங்ண்ணா, எங்க போறீங்க?"

"இதென்னடா கேள்வி? என் சாக்குல படுக்கப் போறேன்."

"உங்க சாக்கா? எங்க, மோந்து பாருங்க!"

கருவாயன் மூக்கை வைத்து இழுத்தான். சோப்பு வாசம் உச்சந்தலைக்கு ஏறியது. மூன்று தும்மல் தும்மினான்.

"நேத்து வரைக்கும் என் வாசம் இருந்துச்சு!"

"நேத்து இருந்தது தண்ணியோட போச்சுங்ண்ணா! இப்ப யாரு வாசமும் இல்ல. முதல்ல யாரு வாசத்த ஒட்ட வைக்கிறாங்களோ, அவங்க சாக்கு!"

உடனே கருவாயன் சாக்கில் விழுந்து முதுகைத் தேய்தேய் என்று தேய்த்தான். குட்டையனா விடுவான்? குளத்தங்கரைக்கு ஓடினான். அங்கே ஒரு கெளுத்தி மீன் செத்துக் கிடந்தது. அதன் மேல் நன்றாகப் புரண்டான். திரும்பி வந்து சாக்கில் உருண்டான்.

"இப்ப மோந்து பாருங்க!"

கருவாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகக் குப்பைக்குழிக்குப் போனான். சாணியில் தலையிலிருந்து வால் வரை புரண்டு வந்தான்.

"நீ இத மோந்து பாருடா!"

மயிலாத்தாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"அட உங்க மூஞ்சில முள்ளு முளைக்க! நோம்பிக்குத் துவைச்ச சாக்கு இது!"

இரண்டு பேர் தலையிலும் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள். சாக்கை மறுபடியும் அலசிப் பிழிந்து, அனல் அடிக்கும் அடுப்புச் சுவரிலேயே விரித்துக் காயவைத்தாள். மறுபடியும் அதில் யார் வாசமும் இல்லை!

கோழிக்கூட்டிலிருந்து கொண்டைக்காரி என்ற கோழி கெக்கெக்கே என்று சிரித்தது.

"நாலு நாய்க்கு ஒரு சாக்கப் பங்கு போட வழி தெரியல! எங்களப் பாருங்க. பன்னெண்டு பேரு ஒரே கொம்புல தூங்குறோம்!"

"நீ சும்மா இரு! முட்டை போடறதோட உன் சோலி முடிஞ்சுது!" என்று குரைத்தான் குட்டையன்.

அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் சாக்கு மேலேயே கட்டிப் புரண்ட சண்டை. குழந்தை வீறிட்டு அழுதது. மயிலாத்தாள் தூளியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்து போனாள்.

விடிந்ததும் நஞ்சப்பன் சிவந்த கண்ணோடு தண்ணீர்த் தொட்டிக்கு வந்தான்.

"ஏம்புள்ள, இன்னிக்கு ராத்திரியும் இந்தக் கூத்து நடந்துச்சுன்னா, நாளைக்குக் காலையில ரெண்ட வண்டில ஏத்திட்டுப் போயி மச்சான் செங்கல் சூளையில விட்டுட்டு வந்துருவேன்!"

"எந்த ரெண்டுங்க?" என்றாள் மயிலாத்தாள்.

நஞ்சப்பன் பல் விளக்கிக்கொண்டே யோசித்தான்.

"கருவாயன் போனா வாசலுக்கு ஆளில்ல. குட்டையன் போனா கன்னுக்குட்டி ஏங்கிப் போயிரும். செவலையும் அந்தக் குட்டியும் போகட்டும். அதுக இருக்கிறதும் தெரியல, போனாலும் தெரியப் போறதில்ல."

தொட்டிக்குப் பின்னால் படுத்திருந்த செவலை காதில் அது விழுந்தது.

சண்டை போட்டது யாரோ, வண்டி ஏறுவது யாரோ! தோட்டத்து வரப்பெல்லாம் அவள் கால் பட்ட வரப்பு. கோழிக்குஞ்சு ஒவ்வொன்றையும் முட்டையிலிருந்து வந்த நாளாகத் தெரியும். பக்கத்தில் புள்ளி அவள் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குளிரில் நடுங்கினான்.

"அக்கா, சூளைன்னா என்ன?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ தூங்கு."

செவலை எழுந்து போய் மற்ற இரண்டு பேரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாள். கேட்டதை அப்படியே சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டுவீங்க. நானும் இந்தப் பச்சக்குட்டியும் வண்டி ஏறணுமா? நல்லாருக்குதுங்ண்ணா நாயம்!"

கருவாயனுக்கு முகம் சுண்டிப் போனது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"அதுக்காக நான் வெறும் மண்ணுல படுக்கணுமா? பெரியவன் மண்ணுல படுத்தா, பக்கத்துத் தோட்டத்து நாய் என்னைய மதிக்குமா?"

"நான் மட்டும் ஏன் விடணும்? குட்டையா இருந்தா குளிராதா?" என்றான் குட்டையன்.

செவலை இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி. சாக்கு எதுக்கு இருக்குது?"

"படுத்துத் தூங்கத்தான்!" என்றார்கள் இரண்டு பேரும்.

"அப்ப ஒரு பந்தயம். இன்னிக்குச் சாயங்காலம் ஒவ்வொருத்தராச் சாக்குல படுக்கலாம். பாதியில எந்திரிச்சா தோத்தாச்சு. யாரு அசையாமத் தூங்கிக் காட்டறாங்களோ, அவங்களுக்குச் சாக்கு. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"

"தூங்கறதுக்கு ஒரு பந்தயமா! இதுல நான் தோக்கவே மாட்டேன்!" என்று கருவாயன் சிரித்தான்.

"போன வருசம் வண்டி மேல ஏறப்போனப்பவே முழிக்காதவன் நான்!" என்றான் குட்டையன்.

வெயில் சாய்ந்தது. முதலில் கருவாயன் படுத்தான். சுவரில் சூடு இதமாக இருந்தது. கண்ணை மூடினான். ஒரு காது மட்டும் வாசல் பக்கமாக நிமிர்ந்து நின்றது. ரோட்டில் யாரோ செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வந்தார்கள். கருவாயன் பல்லைக் கடித்துக்கொண்டான். வாசல் படல் கதவு கிரீச் என்றது. அவ்வளவுதான்! "யாரு அது?" என்று ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டான். பார்த்தால் பால்காரர்.

"தோத்தீங்களா!" என்று குதித்தான் குட்டையன். உடனே சாக்கில் ஏறிப் படுத்து, குறட்டை கூட விட்டான். அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் கன்றுக்குட்டி, "ம்மா" என்றது. குறட்டை நின்றது. இன்னொரு "ம்மா!" குட்டையன் வால் ஆடியது. மூன்றாவது "ம்மா"வுக்குக் கட்டைக்கால் நாலும் பறந்தன. கன்று கழுத்துக்கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றது. அதைப் பல்லால் இழுத்து எடுத்துவிட்ட பிறகுதான் குட்டையனுக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது!

"இப்ப உன் முறை செவலை," என்றான் கருவாயன்.

செவலைக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை வந்தது. சாக்கு கிடைத்தால் புள்ளியையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். சண்டையும் தீரும், வண்டியும் ஏற வேண்டாம். எப்படியும் எழுந்திருக்கக் கூடாது என்று நாலு காலையும் மடக்கி இறுக்கிக்கொண்டாள்.

கோழிக்கூட்டுப் பக்கம் மெதுவாக ஒரு சத்தம். சருகு நொறுங்குகிற சத்தம். வேறு யார் காதிலும் அது விழவில்லை. கொண்டைக்காரி தொண்டைக்குள்ளேயே, "கொக்... கொக்..." என்றது.

'எந்திரிச்சா தோத்துருவேன்,' என்று நினைத்தாள் செவலை. நினைக்கும்போதே கால்கள் ஓடிக்கொண்டிருந்தன!

கூட்டுக் கதவுக்கு அடியில் ஒரு கீரி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. செவலையைக் கண்டதும் வேலிக்குள் புகுந்து மறைந்தது.

"ரொம்ப நல்லவ தாயீ நீ! உங்களப் பார்த்துச் சிரிச்சதத் திரும்ப வாங்கிக்கிறேன்!" என்றது கொண்டைக்காரி.

செவலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள். அவளும் தோற்றாயிற்று. வண்டிச் சக்கரம் இப்போதே கண்ணுக்குள் சுற்றியது. தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தால், சாக்கில் புள்ளி! யாரும் படுக்கச் சொல்லவில்லை. யார் முறை என்றும் கேட்கவில்லை. முதுகைச் சுவரோடு ஒட்டி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். அவனுடைய நடுக்கம் நின்றிருந்தது.

கருவாயன் பக்கத்தில் போய்க் குரைத்தான். அசையவில்லை. குட்டையன் போய்ப் புள்ளியின் காதைக் கடித்தான். ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

"இதென்ன, தலையில இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான் போலிருக்குதே!" என்றான் குட்டையன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செவலைதான் முதலில் சிரித்தாள்.

"நம்ம மூணு பேருக்கும் உடம்பு சாக்குல இருந்துச்சு, காது வேற எங்கயோ இருந்துச்சு. காதும் உடம்பும் சேர்ந்து கிடந்தது இவனுக்கு மட்டும்தான். பந்தயத்துல ஜெயிச்சது இவன்தான்!"

கருவாயன் தொண்டையைச் செருமினான்.

"உண்மையச் சொல்லட்டுமா? அந்தச் சுவரோரம் படுத்தா வாசலே தெரியாது. ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிப் பார்த்துட்டு வருவேன். இடுப்பே விட்டுப்போச்சு."

"அப்புறம் ஏனுங்ண்ணா விடமாட்டேன்னு நின்னீங்க?" என்று கேட்டாள் செவலை.

"இவன் கேட்டானே!"

செவலை குட்டையனைப் பார்த்தாள். "நீ ஏன்டா கேட்ட? கன்னுக்குட்டி வயித்த ஒட்டிப் படுத்தா உனக்குக் குளிரே தெரியாதே!"

குட்டையன் தரையைப் பிராண்டினான். "அண்ணா படுத்திருந்தாரே, அதான்!"

கருவாயனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு கவலை. "பக்கத்துத் தோட்டத்து நாய்..."

"வாசல்ல கிடக்கிறவன்தானுங்ண்ணா தோட்டத்துக்கே பெரியவன்!" என்றாள் செவலை. " படலுக்குப் பக்கத்துல மாட்டுக்கு வச்ச சோளத்தட்டுப் போர் இருக்குது. அதுக்குள்ள புகுந்து படுங்க. தலைய மட்டும் வெளிய வையுங்க. அந்த நாய் பார்த்துப் பயந்தே ஓடிரும்!"

கருவாயன் உடனே கிளம்பிவிட்டான். குட்டையன் கொட்டகைக்குப் போனான். செவலை கோழிக்கூட்டுக் கதவுக்குக் குறுக்கே மண்ணைப் பறித்து, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தாள்.

அன்று ராத்திரி தோட்டத்தில் ஒரு சத்தம் இல்லை.

விடிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று நஞ்சப்பன் வண்டிக்குப் பக்கத்தில் கயிற்றோடு நின்றான்.

"ஏம்புள்ள, நாயெல்லாம் எங்க? சண்டை போட்டே செத்துருச்சுகளா?"

"அட நீங்க ஒண்ணு! அதது இடத்துல அதது தூங்குதுங்க. குழந்தை ஒரு தடவைகூட முழிக்கல!"

நஞ்சப்பன் சுற்றிவந்து பார்த்தான். வாசலில் தட்டுப்போருக்குள்ளிருந்து கருவாயன் தலையை நீட்டினான். கன்றுக்குட்டி குட்டையன் மேல் தலையை வைத்திருந்தது. சாக்கில் புள்ளி கால் நாலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தான். நஞ்சப்பன் கோழிக்கூட்டுக்கு வந்தான். சுற்றிலும் கீரி வந்துபோன தடம். கதவுக்குக் குறுக்கே செவலை. உள்ளே கோழிகள் எண்ணிக்கை குறையாமல் நின்றன.

கயிற்றைக் கண்டதும் செவலை எழுந்து நின்றாள். ஓடவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

நஞ்சப்பன் அவள் பக்கத்தில் குந்தினான்.

"இவளப் போயி இருக்கிறதே தெரியலன்னு சொல்லிட்டேனே!" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். கயிற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, வாசலுக்கு இன்னும் ஒரு கட்டுச் சோளத்தட்டு எடுத்துக்கொண்டு போனான்.

ஆகவே கண்ணுகளா, அடுத்தவர் படுத்திருக்கிறார் என்பதற்காக ஒரு இடத்துக்கு ஆசைப்படாமல், நம் மனசு எங்கே நிம்மதியாகக் கண் மூடுமோ அந்த இடத்தைத் தேடிக்கொண்டால், வீட்டில் எல்லாருக்கும் இடமும் இருக்கும், தூக்கமும் வரும்.