பெட்டிக்குத் தெரியாத கட்டைவிரல்

முன்னொரு காலத்தில், கண்ணுகளா, ஒரு ராஜாவுக்குக் கட்டைவிரல் மேல் ஆசை வந்தது. தன் விரல் இல்லை, ஊரார் விரல். கோட்டைக்குள் வருகிறவர் யார், திருடர் யார் என்று ரேகையை வைத்தே கண்டுபிடித்துவிட வேண்டுமாம்.

மந்திரி மழவராயர் உடனே முரசறைந்தார். ரேகை பார்க்கும் பெட்டியை யாரும் விற்கலாம். ஆனால் விற்பவர் கப்பலில் வந்திருக்க வேண்டும், பெட்டி கருங்காலி மரத்தில் இருக்க வேண்டும், மேலே ஒரு பித்தளை மயில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒரு பெட்டி மந்திரியின் மருமகனிடம் மட்டும்தான் இருந்தது!

ராஜா முதல் எல்லோரும் விரலைப் பதித்தார்கள். பதித்த விரல் மறுபடி வந்தால் மயில் கூவும். கூவாவிட்டால் கதவு திறக்காது. திருவிழா வரை சோதனை. தேறினால் எல்லைச் சாவடிகளுக்கும் ஊர்க்காவலுக்கும் அதையே வாங்குவதாக ஏற்பாடு.

பொன்னாத்தா கோட்டைக்கு வெளியே சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்பவள். திருவிழா அன்று வேலை முடிந்து வந்தவள் விரலை வைத்தாள். சுண்ணாம்பு தின்று ரேகை தேய்ந்த விரல். மயில் வாயே திறக்கவில்லை.

"ஏ வயிரவா, நேத்து என் கையால கூழு வாங்கிக் குடிச்சியே, என்னைத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுக்கா. மயிலுக்குத் தெரியலையே" என்றான் வாயிற்காவலன்.

கோட்டைக்குள்ளே வீட்டில் அவளுடைய கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. அரண்மனை விகடகவி சேந்தன் அதைக் கேட்டு மந்திரியிடம் ஓடினான்.

"பெட்டி பொய் சொல்லாது. அவள் வேறு எவளோ. பொழுது சாய்ந்ததும் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவோம்" என்றார் மழவராயர்.

சேந்தன் திரும்பி வந்தான். "இங்கேயே இரும்மா. பொழுது சாயறதுக்குள்ள நீ உள்ளே போயிருப்பே."

"சிரிக்க வைக்கிற ஆளு நீங்க. என்ன சாமி செய்வீங்க?"

"சிரிக்கத்தான் வைக்கப் போறேன்."

நேரே ஆற்றுக்குப் போனான். அங்கே ராஜா தீர்த்தவாரிக்காக நீரில் இறங்கியிருந்தார்.

"அரசே, பெரிய மனிதர்கள் விரல் வைக்காமலே கோட்டைக்குள் போகிறார்கள். மந்திரியாரும்தான்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "யாராயிருந்தாலும் வைக்க வேண்டும்! மயில் கூவாமல் கதவு திறந்தால் காவலன் தலை இருக்காது!"

ஆணை வாசலுக்குப் பறந்தது. சேந்தன் கரையில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினான். ராஜா எழப்போகும்போதெல்லாம், "இதைக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள் அரசே" என்பான். ராஜா சிரித்துச் சிரித்து மறுபடி நீரிலேயே உட்கார்வார். கடைசியில் கரையேறியபோது விரல்கள் ஊறிய மொச்சைபோலச் சுருங்கியிருந்தன.

வாசலில் ராஜா விரலை வைத்தார். மயில் பேசவில்லை. துடைத்துவிட்டு அழுத்தினார். ஊஹூம்.

"வயிரவா, கதவைத் திற!"

"தலை போயிடும் மகாராசா!"

பொன்னாத்தாவை எல்லைக்கு அனுப்ப மந்திரியும் அங்கே வந்திருந்தார். சேந்தன் அவர் பக்கம் திரும்பினான். "பெட்டி பொய் சொல்லாது என்றீர்கள். அப்படியானால் இவர் வேறு எவரோ. எல்லைக்கு அப்பால் அனுப்ப வேண்டும். இல்லை, இவர் அரசர்தான் என்றால் பெட்டிக்கு ஆள் தெரியவில்லை. எது மந்திரியாரே?"

மழவராயர் முணுமுணுத்தார். "அரசர்தான்… பெட்டிக்குத்தான்…"

"சற்று உரக்க."

"பெட்டிக்கு ஆள் தெரியவில்லை!"

ராஜா தன் விரல்களைப் பார்த்தார், சேந்தனைப் பார்த்தார். "அடப்பாவி, இதற்குத்தான் என்னை ஆற்றில் ஊறப்போட்டாயா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் ஆணை ரத்து! மயிலையும் மருமகனையும் வந்த கப்பலிலேயே ஏற்றுங்கள். மழவராயரே, இனி எதை வாங்கினாலும் உமக்கு அதில் வேலை இல்லை."

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலையை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் அரசே. இப்போது கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். உங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார்."

ராஜா ஒதுங்கினார். கதவு திறந்தது. பொன்னாத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள். ராஜாவைக் கும்பிடக்கூட அவள் நிற்கவில்லை, தங்கங்களா. கும்பிடச் சொல்லி ராஜாவும் கூப்பிடவில்லை. உள்ளே குழந்தையின் அழுகை நிற்கும்வரை அப்படியே வழிவிட்டு நின்றார்.